முந்நூறு ரூபாய் ஹோஸ்

சித்திரை மாதத்து மதியம். திருச்சியிலிருந்து மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தோம். வேனுக்குள் ஏழு பேர், ஒரு சீர்த்தட்டு, இரண்டு தூக்குவாளி. துவரங்குறிச்சிக்குக் கொஞ்சம் முன்னால் டேஷ்போர்டில் இருந்த வெப்பமானி முள் மேலே ஏற ஆரம்பித்தது. பார்த்தேன். 'இன்னும் நாலு கிலோமீட்டரில் ஊர் வந்துவிடும், அங்கே பார்த்துக்கொள்ளலாம்' என்று ஓட்டினேன். சிவப்புக் கோட்டைத் தொட்ட முள், இரண்டு கிலோமீட்டர் போனதும் தானாகவே கீழே இறங்கியது. "சரியாயிடுச்சு" என்று பின்னால் திரும்பி அறிவித்தேன். அடுத்த ஒரு கிலோமீட்டரில் என் சீட்டுக்கு அடியிலிருந்து ஆவி வந்தது. வண்டி நின்றுவிட்டது.

முள் இறங்கியதும் எனக்கு வந்த நிம்மதியைப் போல முட்டாள்தனமான நிம்மதி வேறில்லை. அதை அப்புறம் சொல்கிறேன்.

வேன் என்றால் மாருதி ஆம்னி. இந்தியச் சாலைகளுக்கு 1984இல் 'மாருதி வேன்' என்ற பெயரில் வந்தது. 1988இல் ஆம்னி ஆனது. 2019இல் தயாரிப்பை நிறுத்தினார்கள். ஓட்டுநரின் முழங்காலுக்கும் எதிரே வரும் லாரிக்கும் நடுவில் ஒரு தகரம்தான் இருக்கிறது என்பதால், புதிய விபத்துப் பாதுகாப்பு விதிகளுக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. 35 ஆண்டுகளில் அது பள்ளிக்கூட வேனாக, ஆம்புலன்ஸாக, காய்கறி வண்டியாக ஓடிவிட்டது. நம் சினிமாவில் கதாநாயகியைக் கடத்தவும் அதைத்தான் அனுப்புவார்கள். பக்கவாட்டில் இழுத்துத் திறக்கும் கதவு அதற்கு அவ்வளவு வசதி. இன்றும் பழைய வண்டிச் சந்தையில் ஆம்னிக்கு மவுசு குறையவில்லை. வாங்குகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எவ்வளவு செலவு வைக்கும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், என்னென்ன கெடும் என்பதைவிட, எது எதைக் கெடுக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஆம்னிக்கு பானெட் கிடையாது. முன்சீட்டைத் தூக்கி, அடியில் உள்ள மூடியைக் கழற்றினால் இன்ஜின் தெரியும். 796 சிசி, மூன்று சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டரும் 68.5 மில்லிமீட்டர் விட்டம். உள்ளே பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 72 மில்லிமீட்டர். ஒரு கைப்பிடி நீளம்கூட இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி சராசரியாக மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில், நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடி முடிக்கும்போது இன்ஜின் 50 கோடி சுற்று சுற்றியிருக்கும். ஒரு சுற்றுக்குப் பிஸ்டன் ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே: 144 மில்லிமீட்டர். பெருக்கினால் 72,000 கிலோமீட்டர் வருகிறது. வேன் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடினால், அந்த ஏழு சென்டிமீட்டர் கிணற்றுக்குள்ளேயே பிஸ்டன் பூமியை ஒன்றே முக்கால் தடவை சுற்றி வந்த தூரத்தைக் கடந்திருக்கிறது. அதற்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையில் இருப்பது தலைமுடியைவிடப் பலமடங்கு மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும்.

இத்தனைக்குப் பிறகும் இரும்பு அவ்வளவாகத் தேய்வதில்லை என்பதுதான் ஆச்சரியம். நேரத்துக்கு ஆயில் மாற்றிய ஆம்னி இன்ஜின் இரண்டு லட்சம் கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். பழைய வண்டியில் முதலில் சாவது இரும்பு இல்லை; ரப்பர்.

எங்கள் வண்டியில் செத்ததும் அதுதான். ரேடியேட்டருக்கும் இன்ஜினுக்கும் இடையே தண்ணீர் போகும் ஹோஸ், கிளிப் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் விரல்நீளம் கிழிந்திருந்தது. பட்டறைக்கு வண்டியைக் கட்டி இழுத்துப் போனோம். மெக்கானிக் அண்ணன் சீட்டைத் தூக்கிப் பார்த்தார், ஆயில் கேஜை உருவிப் பார்த்தார். கம்பியின் நுனியில் கருப்பு எண்ணெய்க்குப் பதிலாகப் பால் அதிகமாகிப்போன டீயின் நிறத்தில் ஒரு கொழகொழப்பு. "ஹோஸ் முந்நூறு ரூவா சார். முள்ளு ஏறுனதுக்கப்புறம் ஓட்டுனீங்க பாருங்க, அதுக்குத்தான் பில்லு" என்றார்.

பில் 9,400 ரூபாய்.

அந்த மூன்று கிலோமீட்டரில் நடந்ததை மெதுவாகப் பார்க்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள ஆற்றல் ஏறக்குறைய 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அதில் சுமார் கால் பங்குதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. மீதி எல்லாம் சூடு. அதில் பாதி சைலன்சர் வழியாகப் போய்விடும். மிச்சத்தில் பெரும்பகுதியைத் தண்ணீர்தான் சுமந்துகொண்டுபோய் ரேடியேட்டரில் இறக்கிவைக்க வேண்டும். அந்தத் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிட்டால் வேலை கெட்டுவிடும். அதனால்தான் ரேடியேட்டர் மூடியில் ஒரு ஸ்பிரிங்கை வைத்து உள்ளே அழுத்தத்தைக் கூட்டியிருக்கிறார்கள். வீட்டுக் குக்கரின் அதே சங்கதி. அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர் 115, 120 டிகிரி வரை கொதிக்காமல் தாக்குப்பிடிக்கும்.

ஹோஸ் கிழிந்த நொடியில் குக்கரின் விசிலைத் தூக்கிவிட்ட மாதிரி அழுத்தம் போய்விட்டது. 105 டிகிரியில் அடங்கியிருந்த தண்ணீர் அப்போதே கொதித்து ஆவியானது. ஆவியால் உலோகத்தின் சூட்டைத் தண்ணீரைப் போல வாங்கிக்கொள்ள முடியாது. முள் ஏறியது அதனால்தான். பிறகு ஏன் இறங்கியது? வெப்பமானியின் சென்சார் தண்ணீருக்குள் முங்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். தண்ணீர் மொத்தமும் வெளியேறிய பின் அது வெறும் காற்றில், ஆவியில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு 'சரியாயிடுச்சு' என்று காட்டிய முள், 'அளப்பதற்கு இங்கே ஒன்றுமில்லை' என்றுதான் சொல்லியிருக்கிறது.

இன்ஜினின் கீழ்ப்பகுதியான பிளாக் வார்ப்பிரும்பு. மேலே மூடியாக உட்காரும் ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். சுமார் 30 சென்டிமீட்டர் நீள ஹெட் என்று வைத்துக்கொண்டால், காலையில் 30 டிகிரியில் இருந்த வண்டி 90 டிகிரிக்குச் சூடாகும்போது ஹெட் 0.4 மில்லிமீட்டர் நீளும். அடியில் உள்ள பிளாக் 0.2தான் நீளும். இரண்டுக்கும் நடுவே தினமும் 0.2 மில்லிமீட்டர் இழுபறி. இந்த மருமகள்–மாமியார் பஞ்சாயத்தைத் தீர்த்துவைப்பதுதான் இடையில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டின் வேலை. ஒருபக்கம் 2,000 டிகிரியைத் தாண்டும் நெருப்பு, இன்னொரு பக்கம் தண்ணீர், மற்றொரு பக்கம் எண்ணெய். மூன்றும் கலந்துவிடாமல் அந்தத் தகடு ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொள்கிறது.

தண்ணீர் இல்லாமல் ஓடும்போது ஹெட்டின் சில இடங்கள் மட்டும் தாறுமாறாகச் சூடாகின்றன. போல்ட்டுகள் பிடித்துக்கொண்டிருப்பதால் விரிய வழியில்லை. அலுமினியம் உள்ளுக்குள்ளேயே நசுங்குகிறது. ஆறியபின் பழைய வடிவத்துக்குத் திரும்புவதில்லை. ஹெட்டைக் கழற்றி, நேரான பட்டையை மேலே வைத்து, இடுக்கில் ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தார் அண்ணன். இதில் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு இருக்கக் கூடாது என்பார்கள். நோட்டுத் தாளின் பாதித் தடிமன். எங்களுடையதில் அதைவிடத் தடித்த தகடு தாராளமாக உள்ளே போய்வந்தது. ஹெட் லேத்துக்குப் போனது, முகம் சீவி வந்தது. கேஸ்கெட் செட், புது ஆயில், கூலன்ட், இரண்டு நாள் கூலி. முந்நூறு ரூபாய், முப்பது மடங்கு ஆன கதை இது.

பட்டறையில் இருந்த அந்த இரண்டு நாளில் நான் கண்ட அதிசயம் தெர்மோஸ்டாட். கட்டைவிரல் அளவுக்கு ஒரு பித்தளைக் குப்பி. உள்ளே மெழுகு. அவ்வளவுதான். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மெழுகு உறைந்திருக்கும், வால்வு மூடியிருக்கும், தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். 80 டிகிரியைத் தாண்டியதும் மெழுகு உருகும். உருகும்போது அதன் பருமன் 10 முதல் 15 சதவீதம் கூடும். அந்த வீக்கமே ஒரு கம்பியைத் தள்ளி வால்வைத் திறந்துவிடும். மின்சாரம் இல்லை, கணினி இல்லை. வெந்நீரில் போட்டால் நம் கண்முன்னே வாய்திறக்கும், எடுத்தால் மூடிக்கொள்ளும். அண்ணன் டீக்கடையிலிருந்து ஒரு சொம்பு வெந்நீர் வாங்கிவரச் சொல்லிக் காட்டினார்.

காட்டிவிட்டு, "நம்ம ஊரு வெயிலுக்கு இது தேவையில்ல சார், கழட்டிப் போட்டுரலாமா?" என்று கேட்டார். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் பாதிப்பேர் கேட்கும் கேள்வி. இதில் மட்டும் என்னால் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சூடேற நேரமாகும். சூடேறாத சிலிண்டர் சுவரில் பெட்ரோல் ஆவியாகாமல் ஒட்டி, எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகிப் போகாமல் சேறாகும். மைலேஜும் குறையும். சென்னை வெயில் 40 டிகிரி என்றாலும் இன்ஜினுக்கு வேண்டியது 80க்கு மேல். அதற்கு நம் கோடையும் குளிர்காலம்தான். புது தெர்மோஸ்டாட் சில நூறு ரூபாய். மறுபடி போடச் சொல்லிவிட்டேன்.

கூலன்ட் விஷயத்திலும் இதே அலட்சியம் உண்டு. 'நமக்கென்ன பனியா பெய்கிறது?' என்று போர்வெல் தண்ணீரையே ஊற்றுவார்கள். வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் படிகிற அதே வெள்ளைச் சுண்ணாம்பு ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படியும். அலுமினியம் சூட்டைக் கடத்துவதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கைத்தான் அந்தப் படலம் கடத்தும். கூலன்ட் உறைவதைத் தடுக்க மட்டும் வந்ததல்ல. கொதிநிலையைக் கூட்டும், உள்ளே துருவும் அரிப்பும் வராமல் காக்கும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சேர்த்து ஊற்ற ஆயிரம் ரூபாய்கூட ஆகாது. அடைத்த ரேடியேட்டரை மாற்றப் போனால் அதைப்போல மூன்று நான்கு மடங்கு.

மறுபடி ரப்பருக்கு வருவோம். ரப்பர் என்பது சிக்கல் விழுந்த நூல்கண்டு மாதிரி நீண்ட மூலக்கூறுகளின் கூட்டம். அவற்றுக்கிடையே கந்தகத்தால் அங்கங்கே முடிச்சுப் போட்டால் இழுத்தாலும் பழையபடி திரும்பும் உறுதி வருகிறது. சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை வாங்கியது இதற்குத்தான். பிரச்சினை என்னவென்றால், நாம் போட்ட முடிச்சோடு நிற்பதில்லை. சூடும் ஆக்சிஜனும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் புதிய முடிச்சுகளைப் போட்டுக்கொண்டும் பழைய இழைகளை அறுத்துக்கொண்டும் இருக்கின்றன. முடிச்சு கூடக்கூட ரப்பர் விறைக்கும், வெடிக்கும். பொதுவாக 10 டிகிரி சூடு கூடினால் இந்த வேதிவினை இரண்டு மடங்கு வேகமாக நடக்கும். ஆம்னியின் இன்ஜினோ காற்றோட்டம் குறைந்த பெட்டிக்குள், நம் சீட்டுக்கு அடியில். அங்கே இருக்கும் ரப்பருக்கு வயது சீக்கிரம் ஏறும். ஓடாமல் ஷெட்டில் நிற்கும் வண்டியிலும் ஏறும். ரப்பருக்குக் கிலோமீட்டர் கணக்கு தெரியாது.

வண்டி ஆறியபின் ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள். கருவாடு மாதிரி மொறுமொறுத்தாலும் தப்பு, ஊறிய இட்லி மாதிரி அமுங்கினாலும் தப்பு.

இதே ரப்பர் குடும்பத்தில் இன்னொன்று டைமிங் பெல்ட். பிஸ்டனும் வால்வும் தாளம் தப்பாமல் இயங்குவதற்கு அதுதான் ஆதாரம். உறைக்குள் இருப்பதால் கண்ணில் படாது. அறுவதற்கு முன் சத்தமும் போடாது. ஒரு லட்சம் கிலோமீட்டரை ஒட்டி மாற்ற வேண்டும் என்பது வழக்கம். ஆனால் மூன்று கை மாறிய வண்டியின் மீட்டரை யார் நம்புவது? முந்தைய ஓனர் மாற்றினாரா என்று தெரியாவிட்டால், மாற்றவில்லை என்று வைத்துக்கொண்டு முதல் வேலையாக மாற்றிவிடுங்கள். எங்கள் வண்டிக்கு டென்ஷனர், கூலி எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் சொச்சம் ஆனது.

இப்போது இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். ஆம்னி பிறந்த காலத்தில் இப்படி ஒரு கலவையை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் பைப்புகளையும் கார்புரேட்டர் வாஷர்களையும் ஊறவைக்கும். கார்புரேட்டர் ஆம்னி வைத்திருப்பவர்கள் பெட்ரோல் பைப்புகளைப் புதிதாக மாற்றிவிடுவது நல்லது. சீட்டுக்கு அடியில் சூடான இன்ஜின், அதன்மேல் கசியும் பெட்ரோல் என்பது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. சிலிண்டர் கேஸில் திருட்டுத்தனமாக ஓட்டுகிறவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பழைய ஆம்னியின் இன்னொரு முத்திரைச் சத்தம், ஃபர்ஸ்ட்டிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது அடியில் கேட்கும் 'டங்'. மெதுவாகப் போகும்போது குருவி கத்துவதுபோல் 'கீச் கீச்'. இன்ஜின் முன்னால், ஓட்டும் சக்கரம் பின்னால். நடுவே நீளமான புரொப்பல்லர் ஷாஃப்ட். பின்சக்கரம் குண்டுகுழிகளில் ஏறி இறங்குவதால் ஷாஃப்ட்டின் சாய்வு மாறிக்கொண்டே இருக்கும். வளைந்தபடியே சுற்றுவதற்காக இரண்டு முனையிலும் ஒவ்வொரு யுனிவர்சல் ஜாயிண்ட். பட்டறையில் 'கிராஸ்' என்பார்கள், சிலுவை வடிவம்.

இந்தக் கிராஸில் ஒரு வினோதம் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் அதைக் கவனித்து எழுதினார். ஒருபக்கம் ஒரே சீராகச் சுற்றினாலும், சாய்ந்திருக்கும் மறுபக்கம் சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டுமுறை வேகம் கூடி இரண்டுமுறை குறையும். 20 டிகிரி சாய்வில் இந்த ஏற்றத்தாழ்வு இரு பக்கமும் 6 சதவீதத்தைத் தொடும். அப்படியானால் வண்டி ஏன் விக்கி விக்கிப் போவதில்லை? முதல் கிராஸ் கூட்டும் நேரத்தில் இரண்டாவது கிராஸ் குறைக்கிறது. ஒன்றின் தப்பை இன்னொன்று அடித்துவிடுகிறது. இரண்டும் ஒரே நிலையில் பொருத்தப்பட்டிருந்தால் மட்டும். ஷாஃப்ட்டைக் கழற்றும் அவசரத்தில் அடையாளக் கோடு போடாமல், மாற்றிப் பொருத்தி இந்த நிலை கலைந்துவிட்டால் தப்பு தீராமல் மிஞ்சும்; மணிக்கு 50 கிலோமீட்டரில் தரையே அதிரும். 'புது கிராஸ் போட்டும் அதிர்வு போகலையே' என்று புலம்புகிற வண்டிகளில் சில, இப்படி நிலை மாறியவையாக இருக்கலாம். சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தால் போதும். இரண்டு கிராஸையும் மாற்ற எங்களுக்கு ஆயிரத்தைந்நூறுக்குள் முடிந்தது.

கிளட்ச், பிரேக் ஷூ, பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் ஆகியவை தேய்வதற்கென்றே பிறந்தவை. தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதான். ஆம்னிக்கு எந்த ஊர்க் கடையிலும் சாமான் கிடைக்கும், எந்தப் பட்டறையிலும் வேலை தெரிந்த கை இருக்கும். விலையும் ஊருக்கு ஊர் நூறு இருநூறு வித்தியாசப்படும், அவ்வளவுதான்.

உண்மையில் ஒரு பழைய வேனின் ஆயுளை முடிப்பது இன்ஜின் இல்லை. துரு. இன்ஜினைக் கழற்றி மாட்டலாம். உடம்பைக் கழற்ற முடியாது. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பலமடங்கு பெருகும். பெயின்டுக்கு அடியில் கடுகளவு துரு தோன்றினாலும் அது ஊதிப் பெருத்துப் பெயின்டைத் தூக்கிவிடும். அந்தக் கொப்புளத்துக்குள் ஈரம் தங்கும். துரு இன்னும் பரவும். இழுவைக் கதவின் கீழ்த்தண்டவாளம், சக்கர வளைவுகள், கால் வைக்கும் தரை ஆகியவைதான் ஆம்னியில் முதலில் போகும் இடங்கள். கடலோர ஊர் வண்டியானால் இன்னும் சீக்கிரம். தரையை வெட்டித் தகரம் வைத்து, டிங்கர் வேலை பார்த்து, பெயின்ட் அடிக்கப் போனால் வண்டி வாங்கிய காசில் பாதி கரைந்துவிடும். 15 வருடம் முடிந்த வண்டியானால் ஆர்சி புதுப்பிக்க 5,000 ரூபாய், 20 வருடம் தாண்டியிருந்தால் 10,000 ரூபாய் என்று கட்டணமே உயர்ந்துவிட்டது. பசுமை வரி தனி. புதுப்பிக்கப் போகும் ஆர்டிஓ அலுவலகத்தில் ஆய்வாளர் இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு விடமாட்டார். அடியிலும் குனிந்து பார்ப்பார்.

ஆகவே பழைய வேன் பார்க்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. சட்டைப்பையில் ஃபிரிட்ஜில் ஒட்டும் சாதாரணக் காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். சக்கர வளைவில், கதவின் அடியில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாமல் விழுந்தால் அங்கே இருப்பது இரும்பு இல்லை, பட்டி. அந்த வண்டியை விட்டுவிடுங்கள். ஒட்டினால் சீட்டைத் தூக்கச் சொல்லி, ஆயில் கேஜை உருவி வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். டீ நிறம் இருந்தால் எங்கேயோ, யாரோ என்னைப் போல மூன்று கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார்கள். போவது காலை நேரமாக, இன்ஜின் ஆறியிருக்கும்போதே இருக்கட்டும். "நான் வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணே" என்று முதல்நாளே போனில் சொல்லிவிடுங்கள்.